சரியாக இருபத்துமூன்று

இரவு பதினொன்று பத்துக்கு
புதுவயலிலிருந்து சிகப்பி கூப்பிடுகிறாள்.
அரைத்து, மூட்டை தைத்து, ஏற்றிக் கட்டிய லாரி
ஆலை வாசலில் நிற்கிறது. பாலக்காட்டு லோடு.
இ-வே பில் வரவில்லை.
"நெட்டு இல்லைங்கக்கா. லைட்டு மட்டும் பச்சையா எரியுது."

பச்சை விளக்கை நான் நம்புவதில்லை.
செக்காலை ரோட்டு மாடி அறையில்
ஆத்தங்குடிக் கல்லின் குளிர் காலில் ஏற
ரவுட்டரிடம் ஒவ்வொன்றாகக் கேட்கிறேன்.

கேபிள்? நலம்.
பிங்? மூன்று மில்லிசெகண்டில் போய்த் திரும்புகிறது.
பிஜிபி அமர்வு? ஒன்பது நாளாக அறுபடவில்லை.
புதுவயல் சொல்லி அனுப்பிய வழிகள்?
மூன்று.
நாம் ஏற்றுக்கொண்டவை?
சுழியம்.

கல்யாணத்துக்கு வந்தவர்களை
வாங்க வாங்க என்று கைகூப்பி உட்காரவைத்துவிட்டு
பந்தியில் இலை போடாத வீடு மாதிரி.

வடிகட்டிப் பட்டியலைத் திறக்கிறேன்.
ஐந்து: தேவகோட்டை, அனுமதி.
பத்து: பள்ளத்தூர், அனுமதி.
பதினைந்து: புதுவயல், அனுமதி.
அவ்வளவுதான், முடிந்தது.

அனுமதி என்றுதானே இருக்கிறது?
மூன்று முறை படித்தேன்,
ஒரு முறை ஏசி இரைச்சலை மீறிச் சத்தமாக.
எண்கள் சரி. புள்ளிகள் சரி.
திசையும் சரி, உள்ளே வருவதற்குத்தான் கட்டியிருக்கிறது.

பட்டியலுக்குக் கீழே இன்னொரு வரி உண்டு.
யாரும் அடித்ததில்லை, திரையில் தெரியாது:
மற்ற எதுவும் வேண்டாம்.
வேண்டாமென்று சொன்னதை
அது எங்கேயும் குறித்துவைப்பதும் இல்லை.

சிகப்பி மறுபடியும்.
டிரைவர் கேட்கிறாராம், கிளம்பவா, படுக்கவா.
"படுக்கச் சொல்லு."
பிறகு, "இரு, இரு. சாயங்காலம் யாரும் வந்தாங்களா?"
"அருளானந்து அண்ணன் வந்துச்சு.
ஒரே நெட்வொர்க்க ரெண்டாப் பிரிச்சுக் குடுத்துச்சு,
ஆபீசுக்குப் பாதி, கேமராவுக்குப் பாதி."

ரெண்டா.
ஒரு இருபத்துமூன்று, இரண்டு இருபத்துநான்காக.
அதே நிலம்தான், நடுவில் வரப்பு புதுசு.
பத்திரத்தில் கிடப்பது பழைய சர்வே எண்.
என் பட்டியல் கேட்பது சரியாக இருபத்துமூன்றை;
ஒரு பிட் நீளமாக வந்து நின்றால்
ஆள் தெரியாது அதற்கு.

பதினைந்துக்கு மேலே ஒரு குறிப்பு:
"வேறு ஒன்றும் இங்கே நுழையக் கூடாது. உ.தெ."
உ.தெ. நான்தான். உடையப்பன் மகள் தெய்வானை.
மூன்று வருடம் முன்பு ஒரு மார்கழியில்
பள்ளத்தூர்ப் பெட்டி ஒன்று
உலகத்துக்கே வழி நான்தான் என்று அறிவித்து
எல்லாரும் அதன் பின்னால் போய் முட்டிக்கொண்ட மறுநாள்,
கோபத்தில் எழுதியது.
இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை அதில்.

முப்பத்திரண்டு வரை வரலாம் என்று
அவசரத்தில் அடித்தேன்.
அசையவில்லை.
ஆமாம், ஒருமுறை தள்ளியதை
அது தானாகத் திரும்பிப் பார்க்காது.
உறவை முறிக்காமல்
இன்னொரு தடவை சொல்லு என்று கேட்க வேண்டும்.
கேட்டேன்.

வந்தன. இரண்டு பாதிகளும்,
பின்னாலேயே மூன்றாவதாக ஒரு ஒற்றை முகவரி:
தவிட்டுக் கொட்டகைக் கேமரா.
பாதிக்குள்ளேயே குடியிருந்துகொண்டு
தனக்கென்று தனி வாசல் கேட்கிறது.
முப்பத்திரண்டை அழித்து இருபத்துநான்கு என்று சுருக்கினேன்.
மறுபடி கேட்டேன்.
இரண்டு.

"வந்திருச்சு" என்றவள் போனை வைக்க மறந்துவிட்டாள்.
கயிற்றை இழுத்துப் பார்க்கும் சத்தம்,
யாரோ இருமுவது,
பிறகு லாரி.

பழைய குறிப்பை அழிக்கவில்லை.
அதன் கீழே இன்றைய தேதியைப் போட்டேன்,
"இருபத்துநான்கு வரை வரட்டும். உ.தெ."

தூக்கம் போய்விட்டது.
பொது வழியில் அந்தக் கேமராவைத் திறந்தேன்.
மூட்டை அடுக்கின் உச்சியில் ஒரு எலி,
பன்னிரண்டு மணிக்கு,
எந்தப் பட்டியலிலும் இல்லாமல்
முன்னங்காலால் முகம் துடைத்துக்கொண்டிருந்தது.