ஐம்பது சென்டிமீட்டர்

டண்டீயில் வியாழக்கிழமை நாலு மணிக்கு
மழை பள்ளிப் பைகளோடு உள்ளே வரும்.
ஏழெட்டுப் பேர். சில வாரம் ஐந்து.
ஈரக் காலணிகள் மரத்தரையில் கீச்சிடும்.
மூன்றாம் கூடத்துக்குக் காவல் நான்.
"தொடக்கூடாது" என்று சொல்லியே
பத்தொன்பது வருடமாகச் சம்பளம் வாங்குகிறேன்.

சட்டைத் தொப்பிக்குள் முகத்தை இழுத்துக்கொண்டு
கடைசியாக வருவான் ஸ்ட்ரூவன்.
மார்ச்சிலிருந்து பள்ளிக்குப் போகவில்லை என்று
பெயர்ப்பட்டியலில் யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்.
வேறு யாரோ அதை அழித்திருந்தார்கள்.

முதல் மூன்று வாரம் பெஞ்சுக்கடியில் இருந்தான்.
வெளியே வா என்று ஒருவரும் கூப்பிடவில்லை.
இவர்களோடு சேர்ந்து வரையும் மோர்வென்
காகிதத்தையும் கரித்துண்டையும் தரையோடு தள்ளிவிட்டு
திரும்பிப் பார்க்காமல் போனாள்,
பயந்த பூனைக்குப் பால் வைப்பதுபோல.

நாலாவது வாரம் என்னைக் கேட்டான்:
"எல்லாப் படமும் ஏன் ஒரே உயரத்தில்?"
படத்தின் நடு நூற்றைம்பது சென்டிமீட்டர், என்றேன்.
கண்மட்டம்.
"யாரோட கண்?"
பத்தொன்பது வருடம்.
தெரியலை, என்றேன்.
அவன் தலையசைத்தது பாதிச் சிரிப்பென்று
வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் உறைத்தது.

நவம்பரில் அவர்களுக்கு ஒரு முழுச் சுவர் கிடைத்தது.
எது, எங்கே, பக்கத்தில் என்ன எழுத்து
எல்லாம் அவர்கள் பாடு.
சண்டை வந்தது. அகாத்தா அழுதாள்,
மூக்கைத் துடைத்துக்கொண்டு ரசமட்டத்தைக் கையிலெடுத்தாள்,
அதன்பின் எல்லோரையும் வேலை வாங்கினாள்.
ஒரு பையன் தன் படத்தைச் சுவரைப் பார்க்க மாட்டினான்.
அதுவும் ஒரு முடிவுதானே, விட்டுவிட்டார்கள்.

தரையிலிருந்து ஐம்பது சென்டிமீட்டரில்
ஆணி அடித்தான் ஸ்ட்ரூவன்.
மேசைக்கடியிலிருந்து தெரியும் சமையலறை:
நாற்காலிக் கால்கள், கெட்டிலின் வயர்,
ஒரு ஜோடி வீட்டுச்செருப்பு,
அதற்கு மிக அருகே ஒரு ஜோடி பூட்ஸ்,
கதவடியில் மஞ்சளாய் ஒரு கோடு.
சீட்டில் தலைப்பில்லை. உயரம் மட்டும்.

திறப்பன்று நகரசபையிலிருந்து வந்தார்கள்,
நனைந்த கோட்டுகளோடு யார் யாரோ வந்தார்கள்.
குனிந்தார்கள். போதவில்லை.
ஒவ்வொருவராக
ஒயின் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு
மண்டியிட்டார்கள்.
ஒரு பெண், பேக்கரிச் சீருடையைக்கூட மாற்றாமல்,
வெகுநேரம் நின்றுகொண்டே இருந்தாள்.
பிறகு பையை இறக்கினாள்.
நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.
எல்லாவற்றையும் பார்ப்பதல்ல காவல்.

அவனுக்குச் சரியாகிவிட்டது என்று சொல்ல நான் யார்?
அடுத்த வியாழன் வரவில்லை.
அதற்கடுத்த வியாழன் வந்தான், தொப்பியோடுதான்.
படம் லேசாகச் சாய்ந்திருந்தது.
கால்மடக்கி உட்கார்ந்து, நேராக்கக் கை நீட்டினான்.

பழக்கதோஷம், என் வாய் திறந்தது.

மூடிக்கொண்டேன்.