பதினொரு மில்லிமீற்றர்

மேல் பாதி டெலிகாஸ்டர்.
கீழ்ப் பாதி லெஸ்போல்.
இரண்டு போட்டோக்கொப்பித் தாளையும்
ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாய் ஒட்டினால்
இடுப்பில் மட்டும் கோடுகள் சந்திக்கவில்லை.
பதினொரு மில்லிமீற்றர்.

‘ரெண்டையும் கொஞ்சம் விட்டுக்குடுக்கச் சொல்லுவம்’
என்றான் முனாஸ்.
கிண்ணியாவில் வள்ளத்துக்கு விலா வைக்கிறவன்.
வள்ளம் என்றால் வளைவைத் தண்ணீர் சொல்லும்.
இதற்கு ஆர் சொல்லுறது?

ஒன்று போதாதா என்று கேட்டவர்களுக்கு:
உப்புவெளி ஹோட்டலில் சனிக்கிழமை இரவுகளில்
இரவல் கிற்றாரோடு நாலு மணித்தியாலம்
நிற்கிறவள் நான்.
டெலியின் விளிம்பு, வாளால் அறுத்த அன்றைக்கிருந்த அதே விளிம்பு.
முழங்கைக்குக் கீழே சிவப்பாய் ஒரு கோடு,
நெஞ்சில் இன்னொன்று.
வரைந்தவனுக்கு நெஞ்சு தட்டையாய் இருந்திருக்கும்.
லெஸ்போலின் முகம் மேடாய் வளைந்து
கையை வாங்கிக்கொள்ளும்,
ஆனால் பத்து றாத்தல்.
பாட்டு முடிய முன் தோள் முடியும்.

ஆகவே உடம்புக்கு மலைவேம்பு,
கட்டுமரத்தை மிதக்க வைக்கிற அதே பாரமற்ற மரம்.
கழுத்துக்குச் சமண்டலை.
விரல் ஓடும் பலகைக்கு முதிரை,
யாரோ கழற்றி எறிந்த கதவு நிலையிலிருந்து.
பூட்டு இருந்த ஓட்டையை ஏழாம் கட்டில் மறைத்தோம்.

தந்தியின் நீளத்தில் மட்டும் பேரம் இல்லை.
அது இருபத்தைந்தரை அங்குலம்,
இது இருபத்திநாலே முக்கால்.
நடுவில் ஒரு எண்ணைப் பிடிப்போம் என்று
ஒரு கழிவு மரத்தில் கம்பி கட்டிப் பார்த்தோம்.
ஒலி நன்றாய்த்தான் இருந்தது.
என் விரல்தான் ஒவ்வொரு கட்டிலும்
வேறு வீட்டுப் படியில் கால் வைத்தது.
நீளமானதையே வைத்தோம்.

சுருள் என் வேலை.
பகலில் தண்ணீர் மோட்டார்களுக்குச் சுற்றுகிற கைதான்,
ஆனால் இந்தக் கம்பி தலைமயிரிலும் மெல்லிசு,
மூச்சு விட்டால் கோபிக்கும்.
ஐயாயிரத்து நூற்றுப் பன்னிரண்டாம் சுற்றில்
வெளியே ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது.
அறுந்தது.
மறுபடி ஒன்று, இரண்டு.

தாள்களை முனாஸ் கடை வாசலில்
கல் வைத்துக் காயப் போட்டிருந்தான், பசைக்காக.
தேத்தண்ணி குடித்துவிட்டு வர
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
டொக்யாட் வீதியை ஆறுதலாய்க் கடந்து வந்து
இடுப்பைத் தின்றுகொண்டிருந்தது.
மிச்சம் இரண்டு தாளிலும் தோளும் அடியும்.
நாங்கள் மூன்று கிழமை சண்டை பிடித்த இடம்
மானின் வாயில், இடதும் வலதுமாய் அரைபட்டது.
‘சந்திச்சிட்டுது’ என்றான் முனாஸ்.

பிறகு நான் ஸ்ரூலில் இருந்து
வெட்டாத பலகையைத் தொடையில் வைத்தேன்.
வழுக்கின இடத்தில் ஒரு புள்ளி.
வழுக்காத இடத்தில் ஒன்று.
இரண்டுக்கும் நடுவே பென்சில் தானாய்ப் போகவில்லை,
நான்தான் போனேன்,
அழித்து, எச்சில் தொட்டு, திரும்பவும் அழித்து.
அந்தப் பதினொரு மில்லிமீற்றருக்கு
அமெரிக்காவில் பெயர் இல்லை.

முதல் நாள் செருகியபோது இரைந்தது,
குளவிக்கூடு மாதிரி.
எர்த் வயரைத் தேடி மூடியைக் கழற்றப் போனவன்
‘கையை எடு… வை… எடு’ என்றான்.
தந்தியில் என் கை இருக்கும் வரைக்கும் அமைதி.
எடுத்தால் இரைச்சல்.
வயர் சரியாய்த்தான் இருந்தது.
இது இப்படித்தான் வேலை செய்யும் என்று
எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.
ஆனாலும் மூன்று தரம் எடுத்து எடுத்து வைத்தேன்.

பாரம் பார்க்க வேறு தராசு இல்லை.
மீன் சந்தையில் பாரைக்கும் அறக்குளாவுக்கும் நடுவே கிடத்தினோம்.
இரண்டு கிலோ எண்ணூறு.
பின்பக்கத்தில் செதில் ஒன்று ஒட்டிக்கொண்டது,
துடைக்கவில்லை.
தராசுக்காரர் முள்ளைப் பார்த்துவிட்டு
இடுப்பை ஒருக்கால் தடவினார்.
‘இது என்ன சாதி, பிள்ளை?’