மேலே, பின்னே, முன்னே, கீழே

மதுரைக் கடையின் கண்ணாடி மேஜையில்
மூன்றையும் வரிசையாகக் கிடத்தினார் வேதமாணிக்கம்,
ஏலத்துக்கு வந்த சீலாமீன்கள்போல.
"யாருக்கும்மா, வீட்டுக்காரருக்கா?"
"எனக்கு."
துணியை எடுத்து இன்னொரு தரம் துடைத்தார்.

மூக்கையூர் ஐஸ் ஆலையில் கணக்கெழுதுகிறவள் நான்.
எந்த விலையும் எனக்குப் பார் ஐஸில்தான் புரியும்.

முதலாவது முந்நூற்றுப் பதினைந்து.
மரக்கட்டை, நல்ல கனம்.
தோட்டா ஒன்றுக்கு ஒரு பார் ஐஸ் கரையும்.
தவறினால் இரண்டு.
கடல் காற்றில் கட்டை ஊதும், குழல் பூக்கும்;
வாரம் தவறாமல் எண்ணெய் போடுவேனா?
என் தையல் மெஷினைக் கேட்டால் சொல்லும்.

இரண்டாவது வெளிநாடு.
விலைச்சீட்டு கவிழ்ந்து கிடந்தது.
திருப்பினேன்.
ஒரு வள்ளம், அதன் என்ஜின், போக வலையும்.
பழையபடி கவிழ்த்து வைத்தேன்.

மூன்றாவது இருபத்திரண்டு.
ராமநாதபுரத்தில் கல்லூரி நாளில்
காக்கிச் சட்டைக்குள் வேர்த்து
குப்புறப் படுத்துச் சுட்டேனே, அதன் தங்கச்சி.
போல்ட்டை மேலே தூக்கி, பின்னே இழுத்து,
முன்னே தள்ளி, கீழே மடக்கினேன்.
பதினேழு வருஷம் கழித்தும்
கை யாரையும் கேட்கவில்லை.

"நரிக்கு இது பத்தாதேம்மா" என்றார்.

ஐப்பசியிலிருந்து ஐந்து ஆடு போயிருந்தது.
கருவைக்குள் நரி என்றார்கள்.
நரியைத் தொட்டால் கோர்ட்டுக்கு நடக்கணும் என்றார்
சாயல்குடி பக்கம் வந்த வனக்காவலர்.
எதற்குத் தேவை என்று விண்ணப்பம் கேட்டபோது
ஆடு என்று எழுதினேன்.
அடித்துவிட்டு, இலக்குப் பயிற்சி என்றேன்.
இரண்டும் பொய்யில்லை.

முன்பணம் கொடுத்தேன்.
துப்பாக்கி கடையிலேயே நின்றது,
கழுத்தில் என் பெயர்ச்சீட்டோடு:
ரெக்சலின், மூக்கையூர்.
லைசென்ஸ் வர நாளாகுமாம்.
மிச்சக் காசுக்குத் தொலைநோக்கி மட்டும் வாங்கினேன்.
அதற்கு எந்தக் கையெழுத்தும் வேண்டாம்.

மார்கழி, வாடைக் காற்று,
மொட்டைமாடியில் போர்வைக்குள் நான்.
மூன்றாம் நாள் இரவு நரி வந்தது.
நாலு சக்கரம், வெள்ளை ஆம்னி,
விளக்கை அணைத்துவிட்டு.
குறுக்குக்கோட்டின் நடுவில் ஒருவன் குனிந்து
கறுப்புக் கிடாயை அள்ளினான்.
அந்தக் கணத்தில்
என் ஆட்காட்டி விரல் மடங்கியது.
வெறும் காற்றைத்தான் பிடித்தது.
அதை மட்டும் நான் போலீஸிடம் சொல்லவில்லை.

டிஎன் அறுபத்தைந்து.
மிச்ச எண்களைப்
பால் கணக்கு நோட்டில் எழுதினேன்.
வண்டி பிடிபட்டது, கிடாய் திரும்பியது.
மற்ற ஐந்தும் என்றைக்கோ குழம்பாகியிருந்தன.

விசாரணைக்கு வந்த ஏட்டு
மோரைக் குடித்துவிட்டுக் கேட்டார்:
"அதான் திருடன் உள்ளே போயாச்சே,
இனி எதுக்கு இது?"

தாளுக்கு, என்றேன்.
ஐம்பது மீட்டரில் ஒரு தாள்.
நடுவில் கறுப்பு வட்டம், மோதிர அளவு.
கச்சான் அடித்தால் குண்டு கரைப்பக்கம் சாயும்,
கொண்டலில் கடல்பக்கமாகத் தேடணும்.
மூச்சைப் பாதியில் நிறுத்தினால்
ஐஸ் ஆலை இல்லை, பாக்கி இல்லை,
மஸ்கட்டிலிருந்து வராத போன் இல்லை.

ஏட்டு என்ன எழுதினார் தெரியாது.
வைகாசியும் வந்துவிட்டது.
தேர்தல் முடியட்டும் என்கிறது கலெக்டர் ஆபீஸ்.
இருக்கிற துப்பாக்கிகளே ஸ்டேஷனில் உறங்குகின்றனவாம்.

பட்டிக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன்,
உருண்டைக் கம்பி, நூற்றுப்பத்து ரூபாய்.
சாயங்காலம் ஆடுகளை எண்ணி அடைத்துவிட்டு
ஒருமுறை பூட்டினால் போதும்தான்.
நான் ஐந்து முறை.
மேலே, பின்னே, முன்னே, கீழே.
கறுப்புக் கிடாய் காதை மட்டும் திருப்புகிறது.