வெற்று மாதிரி

காலையில் முதல் வேலை
ஒன்றுமில்லாத நீரை அளப்பது.
உப்பு கழித்து, உயிர் கழித்து,
சொட்டு நைட்ரிக் அமிலம் மட்டும் சேர்த்து
உறிஞ்சுகுழாயின் வாயில் வைப்பேன்.

பெருந்துறை ரோட்டில் ஒரு மாடியறைக்குள்
சூரியனின் மேனியைவிடச் சூடாக
ஆர்கான் கனன்று நிற்கிறது.
கீழே பேக்கரியில் பப்ஸ் தட்டை
அடுப்புக்குள் தள்ளுகிறார்கள்.

குரோமியம் இல்லை. காட்மியம் இல்லை.
ஈயம்
பூஜ்யம் புள்ளி ஒன்பது.

எதிலிருந்து?
கையுறைக்குள் தூவிய மாவா,
நேற்று ஜன்னலுக்கு அடித்த பச்சைப் பெயின்டா,
இல்லை என் தலைமுடிச் சாயமா.
ஒன்றுமில்லை என்பதற்குள்ளும்
ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது.
"அத்தனூண்டுதானே, கழிச்சுக்கலாம்"
என்கிறார் தேவசகாயம் சார்.

ஒரு பிபிபி என்றால் எவ்வளவு என்று
துளசிமணி கேட்டபோது சொல்லியிருந்தேன்:
குட்டியானையில் ஒரு டன் மஞ்சள் ஏற்றி
அதற்குள் அரைக் கடுகை ஒளித்துவையுங்கள்.
அவர் சிரிக்கவில்லை.
"கண்டுபுடிச்சுருவீங்களா?"

நொய்யல் கரைமேட்டில் நாலு ஏக்கர்,
எழுபதடிக் கிணறு, மூன்று எருமை.
முதல் தடவை ஃபேன்டா பாட்டிலில் கொண்டுவந்தார்.
இது ஆகாதுங்க,
அமிலம் விடாத தண்ணீரில்
உலோகம் பாட்டில் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும் என்றேன்.
"அப்ப எங்க கொடத்துலயும் ஒட்டியிருக்குமுங்களா?"
அதற்கு எங்கள் கட்டணப் பட்டியலில் இடமில்லை.

மறுவாரம், நான் கொடுத்த வெள்ளைப் புட்டியைத்
துண்டில் சுற்றி மடியில் வைத்து
சென்னிமலை பஸ்ஸில் வந்தார்.
"மூணு தடவ அலசச் சொன்னீங்க.
நாலாவதும் அலசீட்டனுங்க. தப்புங்களா?"

இப்போது அந்த நீர் தீக்குள் போகிறது.
ஒரு நிமிடம்.
பத்து புள்ளி நான்கு.

பத்தைத் தாண்டினால் குடிக்க ஆகாது.
காலையில் வந்து உட்கார்ந்த புள்ளி ஒன்பதைக் கழித்தால்
ஒன்பது புள்ளி ஐந்து.
குடிக்க ஆகும்.
ஜன்னலின் பச்சையோ
என் நரையை மறைத்த கறுப்போ
ஒரு கிணற்றை
நல்ல கிணறாக்கிவிடப் பார்க்கிறது.

சார் பேனாவின் மூடியைத் திறந்துவிட்டார்.
நான் குடுவைகளை
மறுபடி அமிலத் தொட்டியில் அமிழ்த்துகிறேன்.
இரவு முழுக்க ஊறட்டும்.
தலையைத் துணியால் இறுக்கிக் கட்டி
ஜன்னலைச் சாத்தி
நாளைக்கு மறுபடியும் ஒன்றுமில்லாததிலிருந்து.
புட்டியின் அடியில் இன்னும் இரண்டு விரற்கடை நீர் இருக்கிறது.
அறிக்கைத் தாளின் கடைசி வரி மட்டும்
முன்கூட்டியே அச்சாகிக் கிடக்கிறது:
'இம்முடிவு பெறப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்.'

ஆறேகாலுக்கு போன் அடிக்கிறது.
"ரிசல்ட் வந்துருச்சுங்களா?"
நாளைக்குங்க, என்கிறேன்.
அந்தப் பக்கம் மோட்டார் ஓடுகிறது,
தொட்டியில் தண்ணீர் விழுகிறது.
"சரீங்க. அதுவரைக்கும்
எருமைக்காச்சும் தண்ணி காட்டலாமுங்களா?"