மூன்றா, எட்டா

கண்ணாடி மூலையில் ஒட்டிய லைசன்ஸ் தாளில்
மாதத்தின் இடது பக்கத்தை வெயில் தின்றுவிட்டது.
மிச்சம் இரண்டு வளைவு.
மூன்றா, எட்டா?

மூன்றென்றால்
ஐந்து மாதமாய் ஓட்டோ நிறையப் பிள்ளைகளோடு
உவர்மலைப் பொலிஸ்காரரின் மூக்குக்கு முன்னால்
தினமும் இரண்டு தரம் குற்றம் செய்திருக்கிறேன்.
அவரும் தலையாட்டித்தான் அனுப்பினார்.
எட்டென்றால் இன்னும் நாலு நாள்.

கச்சான் காற்று வீதியை அள்ளி
முகத்தில் எறிகிற மத்தியானம்.
இருக்கைக்குக் கீழே பொலித்தீன் பையைக் கிளறினேன்.
இன்சூரன்ஸ், லீசிங் துண்டுகள்,
கிருத்திகனின் ஒற்றைச் சொக்ஸ்,
போன வருடத்துப் புகைச் சான்றிதழ்.
அதிலும் மை பறந்திருந்தது.
ஆனால் ஓரத்தில் ஒரு பெருவிரல்,
தூசி பிடித்து, ரேகையோடு.
என்னுடையதுதான்.

பாலைப்பழம்!
வரிசையில் நின்றபோது
ஒரு சுண்டு வாங்கித் தின்று
உதடு ஒட்டி, விரல் ஒட்டி,
கையெழுத்துப் போட்ட பேனையும் ஒட்டி,
கவுண்டர்ப் பெண் முறைத்தது ஞாபகம் வந்தது.
மார்ச்சில் எந்தப் பாலை பழுக்கும்?
எட்டுத்தான்.
கோர்ட்டில் செல்லாது. எனக்குச் செல்லும்.

போன முறை போன இடம் கன்னியா வீதியில்.
இப்போது அங்கே டைல்ஸ் கடை.
"மட்டிக்களிப் பக்கம் மாத்திட்டாங்கள்" என்றார் கடைக்காரர்.
மட்டிக்களியில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர்
கத்தியாலேயே பாலையூற்றைக் காட்டினார்.
பாலையூற்றில் ஒரு பெண்,
"புகையையும் சோதிக்கிறவங்களோ?" என்று
என்னையே கேட்டாள்.

அப்போதுதான் அந்த லொறி போனது.
அடுப்பை ஊதிவிட்ட மாதிரிக் கறுப்பாய்,
தன் புகைக்குத் தானே வெட்கப்பட்டது போல மெதுவாய்.
இவ்வளவு புகையோடு இந்த வெயிலில் ஒருவர் போவதென்றால்
வேறெங்கே போவார்?
பின்னால் பிடித்தேன்.

சீனக்குடா வரை இருமினேன்.
லொறி நின்றது. சாரத்தை மடித்துக் கட்டியபடி இறங்கினார்,
கிண்ணியா அஜ்வத் நானா.
"ஏன் புள்ள எனக்குப் பின்னாலயே வாறீங்க?"
சொன்னேன்.
சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தவில்லை.
"நான் பெயிலாகி ஊட்ட போறன்."

வந்த வழியையே காட்டினார்.
அனுராதபுரச் சந்தி தாண்டி, சைக்கிள் கடைக்குப் பின்னால்;
பெயர்ப்பலகையைக் காற்று கொண்டுபோய்விட்டதாம்.
"ஏர் பில்டரைத் தட்டிப்போட்டுப் போங்க.
எனக்கு ஒருத்தரும் சொல்லல்ல."

தட்டினேன்.
பாதிக் கடற்கரை கொட்டியது.

தெனுவன் என்ற பொடியன்
புகைக்குழாய்க்குள் கம்பியைச் செருகினான்.
"அக்கா, ரேஸ் பண்ணுங்க. இன்னும். ஆ, போதும்."
திரையில் எண்கள் ஏறின, இறங்கின, யோசித்தன.
ஏழு வருடம் பழகிய வண்டி
உள்ளே என்ன வைத்திருக்கிறதென்று எனக்குத் தெரியாது.
பாஸ்.

நம்பர் பிளேட்டைப் படம் எடுக்கும் நேரம் பார்த்து
வேலியோரம் மேய்ந்த மானொன்று
தன் பின்பக்கத்தை மட்டும் படத்துக்குள் நுழைத்தது.
"திருப்பி எடுக்கவா, அக்கா?"
வேண்டாம் என்றேன்.
நம்பர் தெளிவாய்த்தானே இருக்கிறது.

பாலைப்பழக்காரி இந்த முறை இல்லை.
கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.
விரல் சுத்தமாய்க் கையெழுத்துப் போட்டேன்.
பிறகு யோசித்து, தாளின் முதுகில்
எண்ணில் அல்ல, எழுத்தில்,
பெரிதாய் எழுதினேன்: ஓகஸ்ட்.

திங்கள் பள்ளிக்கூடம்.
அதற்கு முதல் பிரதேச செயலகத்தில் இன்னொரு வரிசை.
பழைய சான்றிதழையும் கொண்டு வரச் சொல்வார்கள்.
கொண்டு போகிறேன்,
பெருவிரலோடு.