ஐம்பத்திரண்டு விநாடி

தமிழ்த்தாய் வாழ்த்து முதல் பாட்டு,
ஜனகணமன கடைசி.
நடுவில் ஓடுவதெல்லாம் சினிமா.
இருபத்தாறு வருஷமாக
என் சவுண்ட் சர்வீஸில் இதுதான் வரிசை.

புதுவயல் பள்ளிக்கூட மைதானத்தில்
பெண்கள் கபடி, இறுதி ஆட்டம்.
காற்று திரும்பினால்
அரிசி ஆலைகளின் உமிச்சாம்பல்
மேடையிலிருக்கும் வெள்ளைச் சட்டைகளில் வந்து உட்காரும்.
தட்டினால் தீற்றிக்கொள்ளும்.
தெரிந்தவர்கள் ஊதிவிடுவார்கள்.

முத்திருளாயி ஏழாம் நம்பர்.
கடைசி ரெய்டில் மூன்று பேரை இழுத்துக்கொண்டு
கோட்டைத் தொட்டவள்.
கோப்பையை ஆலை முதலாளி கொடுத்தார்.
வாங்கினாள். கும்பிடவில்லை.
நான் பாட்டைப் போட்டேன்.

கோப்பையைச் செம்மண்ணில் வைத்துவிட்டு
நடுக்கோட்டுக்கு நடந்தாள்.
ஒரு முழங்காலை மடக்கி
வலக்கையை நீட்டி,
பிடிபட்டவள் உயிருக்குக் கோட்டைத் தொடுவாளே,
அப்படித் தொட்டபடி இருந்தாள்.
குனிந்த முதுகு மேடைக்கு நேராக.
முதுகில் ஆலையின் பெயர், மஞ்சள் எழுத்தில்.
போன ஆடியில் அங்கேதான்
பாய்லர் வெடித்து அவள் அப்பன் வெந்து செத்தான்.
அன்றைய வருகைப் பதிவேட்டில் அவன் பெயரே இல்லையாம்.
வேலைக்கு வராதவன் எப்படிச் செத்தான் என்று
நஷ்ட ஈடு கேட்கப்போன இடத்தில் கேட்டிருக்கிறார்கள்.

மூச்சு விடாமல் முப்பது விநாடி ஆடுவாள்.
பாட்டு ஐம்பத்திரண்டு.

சாயங்காலத்துக்குள் காரைக்குடி முழுக்க அதே வீடியோ.
ஐந்து விளக்குப் பக்கம் டீக்கடையில்
"பனியில நிக்கிறான் எல்லையில.
இவளுக்கு ஒரு நிமிசம் முடியலையோ?"
"தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மட்டும் நின்னாளே,
அதுக்கு என்ன அர்த்தம்?"
"அப்பன் செத்ததுக்குக் கொடி என்னப்பா பண்ணுச்சு?"
"கொடியும் மொதலாளியும் ஒரே மேடையிலதான இருந்துச்சு."
கடைசியாகச் சொன்னவன் பழைய பாக்கிக்காரன்.
அதனால் யாரும் பதில் சொல்லவில்லை.

அவளுக்கு ஓராண்டு ஆடத் தடை.
எனக்கு ஸ்டேஷனிலிருந்து போன்.

"பாட்டு முழுசா ஓடுச்சா?"
"ஓடுச்சு சார்."
"பேரு?"
"சிக்கந்தர் பாட்சா."
எழுதினார். பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல்
நிமிர்ந்து பார்த்தார்.
"நீ நின்னியா?"

எத்தனை ஆண்டுவிழா, எத்தனை கொடியேற்றம்.
ஒரு தடவைகூட நான் நேராக நின்றதில்லை.
ஆம்ப்ளிஃபயர் மேல் குனிந்து
மைக் ஊளையிடாமல் திருகிக்கொண்டிருப்பேன்.
முடிந்ததும் அடுத்த பாட்டு தானாக ஓடிவிடாமல்
பட்டன்மேல் விரல் இருக்கும்.
கல்லலில் ஒருமுறை ஓடிவிட்டது, குத்துப்பாட்டு.
ஜெயஹே அடங்குமுன் பறை விழுந்தது.
தாசில்தார்கூடச் சிரித்தார்.
அன்றைக்கு என் பெயரை யாரும் கேட்கவில்லை.

"குனிஞ்சிருந்தேன் சார்" என்றேன்.

பேனா நின்ற இடத்தில் மை ஊறி
புள்ளி பெரிதாகிக்கொண்டிருந்தது.
வெளியே யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம்.
"அது ஒன் வேலை. போ" என்றார்.

வண்டியை உதைத்தேன். அப்பாடா என்றிருந்தது.
கண்டனூர் தாண்டும்வரை
அந்த அப்பாடா கூடவே வந்தது.
அவளும் குனிந்துதான் இருந்தாள்.
அதை அவரிடம் நான் சொல்லவில்லை.
சொல்லத் தோன்றாமல் இல்லை.

நாளைக்குக் கோட்டையூரில் ஆண்டுவிழா.
பாக்ஸெல்லாம் ஏற்றிவிட்டுப் பையன் கேட்டான்,
வேறே ஏதும் வேணுமா பாய்?
அந்த ஸ்கூலில் சொல்லி
மேசை மட்டும்
கொஞ்சம் உயரமாகப் போடச் சொல் என்றேன்.