கதவு பூட்டு

பூம்பாறையில் பகலெல்லாம் நான் மின்கணக்கு எடுப்பவள்.
அடுக்கடுக்கான வீடுகளில் ஏறி இறங்கி
மீட்டர் காட்டும் எண்ணை அட்டையில் எழுதுவேன்.
ஆளில்லாத வீட்டுக்குக்
'கதவு பூட்டு' என்று எழுதுவேன்.
அதுவும் கணக்குதான்.

இரவில் எனக்கு எட்டு அங்குல ஆடி.
தவணையில் வாங்கியது, இன்னும் நான்கு பாக்கி.

இன்றைக்கு வருவது
முந்நூறு மீட்டர் கல் ஒன்று.
பெயர் வைக்கவில்லை இன்னும்.
ஆண்டும் இரண்டு எழுத்தும் ஒட்டிய ஓர் எண்,
சர்வீஸ் நம்பர் மாதிரி.
நிலவைப் போல் முப்பது மடங்கு தள்ளிக் கடந்துபோகும்,
என் ஆடிக்குத் தெரியாத கருப்பில்.
ஆனால் இரண்டு நாற்பத்தொன்றுக்கு
மிதுனத்தில் ஒரு மங்கலான விண்மீனை மறைக்கும்.
மறைக்கும் நிழல்
பழனி அடிவாரத்தில் கிளம்பி
பேருந்து மூன்று மணி நேரம் சுற்றும் மலையை
நாலு நொடியில் ஏறி
இந்தப் பூண்டு வயல்கள் மேல் ஓடும்.
எந்த வயல் என்பதில்
கணக்குப் போட்டவர்களுக்கே ஒரு கிலோமீட்டர் சந்தேகம்.

அதனால் ஆளுக்கு ஓரிடம்.
அமலதாஸ் மேற்கே, செல்லக்குட்டியின் வயல் மேட்டில்.
நான் கிழக்கே, பால் சொசைட்டிக்குப் பின்னால்.
நடுவில் எழுநூறு மீட்டர்,
ஓர் ஓடை, இருட்டில் மூச்சுவிடும் காட்டுமாடுகள்.
சொசைட்டி விளக்கின் ஃபியூசை நானே பிடுங்கி
ஸ்வெட்டர் பையில் போட்டிருக்கிறேன்.
ஆபீசுக்குத் தெரிய வேண்டாம்.

சாயங்காலம் செல்லக்குட்டி கேட்டார்:
'கல்லு விழுமா?'
விழாது. நிழல் மட்டும்தான்.
'நெலா இல்லாத ராத்திரியில ஏது நெழல்?'
நட்சத்திரத்தோட நிழல், என்றேன்.
கொஞ்ச நேரம் யோசித்தார்.
'பூண்டுக்கு ஆகுமா அது?'

தை மாதக் குளிர்.
ஆடிக்குழாயில் பனி இறங்காமலிருக்க
யோகா பாயை வெட்டிச் சுற்றியிருக்கிறேன்.
இரண்டு முப்பத்தெட்டுக்கு மஞ்சு ஏறியது.
மிதுனம் போயிற்று, ஓரியன் போயிற்று,
என் கையே போயிற்று.
திட்டினேன். யாரை என்று தெரியாமல்
தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாம்.
நாற்பதுக்கு ஒரு கிழிசல்.
அதற்குள் அது இருந்தது,
மீட்டரின் சிவப்புப் புள்ளி அளவுக்கு.

நாற்பத்தொன்று.
பதினாறாம் நொடி.
விண்மீன் இமைக்கவில்லை.
நான்தான் இமைத்தேன்.

கண்ணை நம்பக் கூடாது இதில்.
நொடிக்கு இருபத்தைந்து படம் காமிராவில்;
மறைவு ஒரே ஒரு படத்துக்குத்தான் வரும்.
கையுறையைக் கழற்றி
ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன்.
இருக்கிறது. இருக்கிறது. இருக்கிறது.
இவ்வளவு பிடிவாதமாக ஒன்று
இருப்பதை நான் வெறுத்ததே இல்லை.

போன் அடித்தது.
அமலதாஸ் முதலில் எதுவும் பேசவில்லை.
பிறகு, 'அக்கா, ஒண்ணுல இல்ல.'

பொறாமை விரல் நுனியில்தான் வந்தது,
குளிர் என்று நினைத்துக்
கையைக் கட்கத்தில் செருகிக்கொண்டேன்.
'உங்க இல்லைன்னா இந்தக் கல்லுக்கு ஓரமே கெடையாதுக்கா,
எவ்வளவு பெருசுன்னு யாருக்கும் தெரியாது' என்றான்.
ஆறுதலுக்குச் சொல்வது போல்தான் இருந்தது.
உண்மையும் அதுதான்.

அறிக்கைப் படிவத்தில்
பழக்கத்தில் 'கதவு பூட்டு' என்று எழுதிவிட்டு
அழித்து, 'மறைவு இல்லை' என்று எழுதினேன்.
நேரம், உயரம், மஞ்சு எத்தனை பங்கு.
ஃபியூசைத் திரும்ப மாட்டினேன்.
சொசைட்டி விளக்கு எரிந்ததும்
வானம் சட்டென்று சின்னதாயிற்று.

காலையில் வரிசைப்படி
செல்லக்குட்டி வீடு.
வாயில் பிரஷ்ஷோடு வந்து நின்றார்.
'பட்டுச்சா?'
உங்க வயல்ல பட்டுச்சு.
என் பக்கம் வரல.
நுரையைத் துப்பினார். 'எந்தப் பாத்தியில?'
எல்லாத்துலயும், என்றேன்.
பிரஷ்ஷைக் காதில் செருகிக்கொண்டு
வயலுக்கு இறங்கினார்.
குனிந்து
ஒரு தாளைப் புரட்டிப் பார்ப்பது தெரிந்தது.

நான் இன்னும் மீட்டரைக் குறிக்கவில்லை.